ரயிலடியில் இறங்கிய வெனேரா

எங்கள் தோட்டத்தில் கரும்பு வெட்டிய சிசிலிக்காரர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு. நல்ல கருநீலத் துணி, பிரிஸ்பேனில் தைத்தது, எல்லோருமாகப் பங்கு போட்டு வாங்கியது. ஊருக்குப் படம் அனுப்ப வேண்டியவன் எவனோ அவன் அன்றைக்கு அதைப் போட்டுக்கொள்வான். ஒல்லியாக இருந்தால் முதுகில் ஊசி குத்தி இறுக்குவார்கள். தொப்பை இருந்தால் பொத்தான் போடாமல் கையை முன்னால் கட்டிக்கொண்டு நிற்பான். படம் பிடிக்கிறவர் தன் பங்குக்கு முகச் சுருக்கத்தை அழித்து, மீசையில் மை தடவி, வெயிலில் வெந்த கரும்புக்காரனைச் சினிமா நடிகனாக்கி அனுப்பிவிடுவார். சிசிலியில் எத்னா மலையடிவாரத்தில் பாதிப் பெண்கள் அந்தக் கோட்டைத்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று நான் கேலி செய்வேன். நான் வடக்கே பியெமோந்தேக்காரி. சிசிலிக்காரர்களைக் கேலி செய்யாவிட்டால் எங்களுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

வெனேராவும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சரி என்று சொன்னாள்.

மாப்பிள்ளை அல்ஃபியோ. அவளுடைய ஊர்தான், ஆனால் அவன் கப்பல் ஏறியபோது அவள் சின்னப் பிள்ளை, முகமெல்லாம் நினைவில்லை. எட்டுப் பேரில் மூத்தவன், சிரிக்கத் தெரிந்தவன், வாய்க்கு ருசியாகச் சமைக்கிறவன். கல்யாணம் பதிலாள் கல்யாணம். அப்போது எங்கள் ஊர் இங்காமில் பாதிக் கல்யாணங்கள் அப்படித்தான் நடந்தன. மாப்பிள்ளை இங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருப்பான், அங்கே கோவிலில் அவனுடைய தம்பி அவனுக்குப் பதிலாக நின்று பெண்ணுக்கு மோதிரம் போடுவான். விருந்து முடிந்ததும் பெண் தன் அப்பா வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொள்வாள். பிறகு கப்பல். முகம் தெரியாத புருஷனைத் தேடி உலகத்தின் அடிமட்டம் வரைக்கும் வருவார்கள், அசட்டுத் தைரியம்தான். நானும் அப்படி வந்தவள்தான் என்பதால் எனக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு.

வெனேரா நடுக்கடலில் இருந்தபோது அல்ஃபியோ செத்துப்போனான். அறுவடை முடியப்போகும் நவம்பர் மாதம். கரும்பு ரயிலின் பெட்டி ஒன்று தண்டவாளத்தை விட்டுச் சரிந்து அவன் மேல் விழுந்தது. அந்த வெயிலில் உடலை வைத்திருக்க முடியுமா? மறுநாளே அடக்கம். கோட்டைப் போட்டு அனுப்பலாம் என்று இக்னாசியா சொன்னாள். இந்த ஊர்ச் சிசிலிப் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள், கல்யாணமோ கருமாதியோ அவள் சொல்வதுதான் நடக்கும். ஆனால் எட்டுப் பேரில் ஒருவனான சாரோ தடுத்தான்.

"அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வர ஒருத்தன் ரயிலடிக்குப் போவணும். வேல சட்டையோடயா போய் நிக்கிறது?" என்றான்.

சாரோ மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். அல்ஃபியோவும் அவனும் ஒரே கொட்டகையில் அடுத்தடுத்த கட்டிலில் ஏழெட்டு வருஷம் கிடந்தவர்கள். அவன் சொன்னது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. அல்ஃபியோ வெள்ளைச் சட்டையோடு போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய பேச்சு. கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே தந்தி அடித்துவிடுங்கள் என்றேன்.

"ஒனக்கு நெஞ்சு இருக்கா, இல்ல அந்த எடத்துல பனிக்கட்டி இருக்கா?" என்றாள் இக்னாசியா. "சாவுச் சேதிய காயிதத்துலயா சொல்லுவாங்க? நாலு செவுத்துக்குள்ள, நாலு பொம்பளைங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வாயால சொல்லணும். அதான் எங்க வழக்கம். கப்பல்ல தனியா இருக்கிற புள்ளைக்குச் சொன்னா கடல்ல குதிச்சிரும்."

"திரும்பிப் போக நெனச்சா?"

"எங்க போவா? கல்யாணம் ஆயிருச்சு. இனிமே அவ புருஷன் வீட்டு ஆளு."

புருஷனே இல்லாத புருஷன் வீடு. அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

திட்டம் இதுதான். என் வீட்டுக்காரர் ஒரெஸ்தே லாரி ஓட்டுவார். சாரோ கோட்டைப் போட்டுக்கொண்டு, அடையாளத்துக்கு வெனேராவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். ரயிலடியில் வாயே திறக்கக் கூடாது. புருஷன் எங்கே என்று அவள் கேட்டால், வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்ல வேண்டும். துக்கத்துக்கு அடையாளமாகக் கோட்டின் கையில் இக்னாசியாவே கறுப்புத் துணி தைத்துவிட்டாள். இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அவள் ஏன் கேட்கப்போகிறாள்? ஆறு மாதமாகத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்த அதே கோட்டு, அதே கறுப்பு மீசை, கையில் அவளுடைய படம். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சாரோவைக் கட்டிக்கொண்டாளாம்.

நடைமேடையில் நடந்ததை ஒரெஸ்தே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மனுஷன் நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அன்று ராத்திரி அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"ஒங்க வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? இவன் ஒன் புருஷன் இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருப்பேன்," என்றார் ஒரெஸ்தே. "அவ சிரிச்சுக்கிட்டு இருந்தா, எர்னெஸ்தா."

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

லாரியின் முன்னிருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். ரயிலடியிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு அந்தக் காலத்து மண் ரோட்டில் ஒரு மணி நேரம் ஆகும். வழி முழுக்க வெனேரா பேசினாளாம். கப்பலில் வாந்தி எடுத்தது, வழியில் கரையோரம் ஒட்டகம் பார்த்தது, அம்மா பெட்டிக்குள் திணித்த பாதாம் பருப்பு, இந்த ஊர் ரயில் வண்டியில் கொடுத்த வாயில் வைக்க முடியாத டீ. பிறகு கோட்டின் கையில் இருந்த கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

"வீட்டுல ஒரு சாவு," என்றிருக்கிறான் சாரோ. அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அதற்குள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

அவள் தன் கைக்குட்டையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்திருக்கிறாள். "அழாதீங்க. அதான் நான் வந்துட்டேன்ல. இனிமே நீங்க தனியாளு இல்ல," என்று சொல்லி, அவன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாளாம். வீடு வரும்வரை விடவில்லை.

நாங்கள் வீட்டில் காத்திருந்தோம். அல்ஃபியோ எங்களிடம் வாடகைக்கு எடுத்திருந்த, மரக்கால்கள் மேல் நிற்கிற பலகை வீடு. இக்னாசியா வழக்கப்படி எல்லாம் செய்து வைத்திருந்தாள். சன்னல் சாத்தியாயிற்று. கண்ணாடியை வெள்ளைத் துணி போட்டு மூடியாயிற்று. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் கோழிச் சாறும் காப்பியும் பக்கத்து வீடுகளிலிருந்து வந்து மேசைமேல் இருந்தன. டிசம்பர் வெயிலில் சன்னலும் சாத்தி, பத்துப் பெண்கள் கறுப்புடையில். எனக்கு மூச்சு முட்டியது.

லாரி வந்தது. படியில் காலடிச் சத்தம். வெனேரா மஞ்சள் பூப்போட்ட உடையில் உள்ளே வந்தாள். தொப்பி லாரி நெருக்கடியில் நசுங்கியிருந்தது. எங்களையெல்லாம் பார்த்து வெட்கமாகச் சிரித்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். இன்னும் சாரோவின் கையைப் பிடித்திருந்தாள். இக்னாசியாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

வெனேராவின் கண்கள் கண்ணாடி மேல் போட்ட துணிக்குப் போயின. அங்கிருந்து மேசையில் இருந்த சாற்றுப் பானைக்கு. அங்கிருந்து அடுப்புக்கு. அடுப்பருகே போய் இரும்பின் மேல் கை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்திருக்கும். சிசிலிப் பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"இந்த வீட்டுல யாரு செத்தது?" என்று கேட்டாள்.

இக்னாசியா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, "அல்ஃபியோ! ஐயோ என் ராசா அல்ஃபியோ!" என்று ஒப்பாரியை ஆரம்பித்தாள். மற்றவர்களும் கூடவே ஆரம்பித்தார்கள். வெனேரா இக்னாசியாவின் தோளுக்கு மேல் சாரோவைப் பார்த்தாள். அல்ஃபியோ அங்கே நின்றுகொண்டிருக்கிறானே, இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு என் பக்கம் திரும்பினாள். அழாமல் இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இருக்கலாம்.

"அப்போ இவரு?"

நான் என்ன சொல்ல? சாரோ கோட்டோடு தரையில் மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். என் கல்யாணத்துக்கும் என் பிள்ளைப்பேற்றுக்கும் அழாத நான் அங்கே தேம்பித் தேம்பி அழுதேன். வெனேரா மட்டும் அழவில்லை. அல்ஃபியோவின் படத்தைக் கொண்டுவரச் சொன்னாள். கொட்டகையில் கூட்டமாக எடுத்த படம், மை தடவாதது. கரும்பு வெட்டுகிற பையன்கள் அல்ஃபியோவை விரலால் காட்டினார்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவரு யாருன்னு எனக்குத் தெரியலயே," என்றாள்.

பிறகு கறுப்புடையை வாங்கி உடுத்திக்கொண்டாள். அதைக் கழற்றவே இல்லை.

நாங்கள் எழுதிய கடிதத்துக்கு வெனேராவின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது, விதவைக்குப் புருஷன் ஊர்தான் ஊர் என்று. மகராசன், ஒரு வாய்க்குச் சோறு மிச்சம். அடுத்த அறுவடைக்கு அவளை எங்கள் கொட்டகையில் சமையலுக்கு வைத்துக்கொண்டேன். அல்ஃபியோ இல்லாத ஏழு பேருக்கு அல்ஃபியோவின் மனைவி சமைத்தாள். ஏழு பேரில் சாரோவும் ஒருவன்.

நான் கண்ணில்லாதவளா? அவள் உள்ளே இருக்கும்போது அவன் மேசையில் உட்கார மாட்டான், வெளியே போன பிறகுதான் வருவான். அவன் தட்டில் மட்டும் மக்ரோனிக்கு அடியில் ஒரு முட்டை இருக்கும். காலையில் அவள் அடுப்படிக்கு வரும்போது விறகு வெட்டி அடுக்கியிருக்கும், யார் வெட்டியது என்று யாரும் கேட்டதில்லை. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஊருக்கு வாய் இருக்கிறதே. இக்னாசியா கோவில் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"செத்தவனுக்குக் கோட்டப் போட விடாம எதுக்கு எடுத்து வச்சான்னு இப்பல்ல தெரியுது? அவளும்தான்! கட்டிப்பிடிச்சப்போ மூக்குல கூடவா தெரியாது, இது வேற ஆம்பளன்னு?"

"புருஷன ஒருதரம் கூட மோந்து பாக்காதவளுக்கு எப்படி இக்னாசியா தெரியும்?" என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து ரெண்டு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

துக்க காலம் முடிந்ததும் சாரோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவர்கள் வழக்கத்தில் ஆணே நேராகப் போய்ப் பெண்ணைக் கேட்கக் கூடாது, நடுவில் ஒரு ஆள் வேண்டும். நான் போனேன். வெனேரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சாரோ கேட்டு அனுப்பியிருக்கான்," என்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"என்ன கேட்டாரு?"

"உப்பு கேட்டான். என்னடி கேள்வி இது?"

அவள் கை மாவிலேயே நின்றது. "முடியாதுக்கா."

"பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. அதான் முடியாது."

"பைத்தியமா ஒனக்கு? ஊருக்குப் பயப்படுறியா? இக்னாசியா வாயி அவ சாகறப்பதான் மூடும், அதுவரைக்கும் நீ காத்திருப்பியா?"

"ஊரு பேசட்டும்க்கா, அதுக்கில்ல." கையை மாவிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "அந்த லாரியில நான் சந்தோஷமா வந்தேன். என் ஆயுசுல அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்ல. அந்நேரம் அல்ஃபியோ மண்ணுக்குள்ள கெடந்தாரு. என்னக் கூப்பிட்டவரு அவரு. எனக்காக வீடு பாத்து வச்சவரு அவரு. இந்த நாட்டுல அவருக்காக அழ ஒரு ஆள் உண்டுன்னா அது நான்தான். அழணும்னு உக்காந்தா அவரு மொகம் வரமாட்டேங்குது. சாரோ மொகம்தான் வருது. இதுக்கு மேல நான் அவரையே கட்டிக்கிட்டா, அல்ஃபியோவுக்கு யாருக்கா இருக்கா?"

"செத்தவனுக்கு எதுக்குடி ஆளு? சாமி பாத்துக்குவாரு."

"சாமிக்கு எல்லாரும்தான் இருக்காங்க. அல்ஃபியோவுக்கு நான் ஒருத்திதான்."

கெஞ்சினேன், திட்டினேன், மாவை எடுத்து மேசையில் அடித்தேன். ரத்தமும் சதையுமாக இருக்கிற உங்கள் ரெண்டு பேரையும் பிரித்துவைப்பதில் அல்ஃபியோவுக்கு ஒரு சந்தோஷமும் இருந்திருக்காது, அவன் நல்லவன் என்று சொன்னேன். அவள் அசையவில்லை. பொறுமையாக மறுபடி மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை.

சாரோவிடம் சொன்னபோது அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "அல்ஃபியோவப் பத்தி அவங்க சொல்றது சரிதான்க்கா," என்றான். அந்த அறுவடை முடியுமுன்பே வடக்கே தூரத்தில் இருக்கிற மரீபாவுக்குப் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். அவன் போன அன்று மத்தியானச் சாற்றில் வெனேரா இரண்டு முறை உப்புப் போட்டிருந்தாள். ஆறு பேரும் வாயைத் திறக்காமல் குடித்து முடித்தார்கள்.

பிறகு கரும்பு வெட்ட இயந்திரம் வந்தது, கொட்டகை காலியானது. வெனேரா ஊருக்குள் ஒரு பழக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிறு தவறாமல் அல்ஃபியோவின் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பாள். அந்த இக்னாசியா இருக்கிறாளே, அவளே தன் பேத்திகளுக்கு வெனேராவைக் காட்டி, பத்தினின்னா இவதான் பத்தினி என்று சொல்ல ஆரம்பித்தாள். சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் அவள் பேரைச் சொன்னார். வெனேரா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. சாரோ அங்கே தெரெசினா என்கிற பெண்ணைக் கட்டியிருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று யாராவது வந்து சொன்னால், "நல்லா இருக்கட்டும்," என்பாள். அதோடு சரி.

முப்பது வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் காலை மரீபாவிலிருந்து சேதி வந்தது, சாரோ நெஞ்சு வலியில் போய்விட்டான் என்று. நான்தான் பழக்கடைக்குப் போய்ச் சொன்னேன். கையில் இருந்த பீச் பழத்தைக் கூடையில் வைத்துவிட்டு, "கார எடுங்கக்கா," என்றாள். உடை மாற்ற வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

மரீபா வரைக்கும் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சாரோவை வீட்டு முன்னறையில் வைத்திருந்தார்கள். மீசை நரைத்துப்போயிருந்தது. தலைமாட்டில் தெரெசினா, சுற்றிலும் மகள்கள், மருமகள்கள், பிறகு உறவுப் பெண்கள். சாவு வீட்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குச் சிசிலிக்காரர்களிடம் ஒரு வரிசை உண்டு. வெனேரா எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாமல் கதவருகே நின்றாள். தெரெசினா நிமிர்ந்து பார்த்தாள். நல்ல பெண், முகத்திலேயே தெரிந்தது.

"வாங்கக்கா. நீங்க இவருக்கு என்ன வேணும்?"

வெனேரா வாயைத் திறந்தாள், மூடினாள். சொல்லுடி, ஒரு தடவையாவது சொல்லு என்று நான் உள்ளுக்குள் கத்தினேன்.

"இங்காம்ல இவரோட வேல பாத்த அல்ஃபியோவோட சம்சாரம்," என்றாள்.

"ஐயோ, அல்ஃபியோ அண்ணன் சம்சாரமா!" தெரெசினா எழுந்துவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணனப் பத்தி அடிக்கடி சொல்லுவாரு. நானாவது இத்தன வருஷம் இவரோட வாழ்ந்தேன், நாலு பிள்ளைங்கள பெத்தேன். நீங்க மொகம் கூடப் பாக்கலியே! ஒங்களுக்கு நான் ஆறுதல் சொல்லணுமா, நீங்க எனக்குச் சொல்லணுமா?"

அப்போதுதான் வெனேரா உடைந்தாள். அல்ஃபியோ வீட்டில் அழாதவள், முப்பது வருஷமாக யார் முன்னாலும் அழாதவள், சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிற்றிலிருந்து கதறினாள். அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சாரோவின் மகள்கள் கூட அப்படி அழவில்லை.

"புருஷன் செத்து முப்பது வருஷம் ஆச்சாம்," என்று எனக்குப் பின்னால் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "இன்னும் எப்படி அழறா பாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்டாட்டி எவனுக்குக் கெடைப்பா?"

தெரெசினாவும் கூடச் சேர்ந்து அழுதாள். வெனேராவின் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்து, அவளை மெல்லப் பெட்டியிலிருந்து விலக்கிக் கூட்டிப்போய்ச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "பாவம், ரொம்ப நொந்துபோயிருக்காங்க. அல்ஃபியோ அண்ணன் ஆத்துமாவுக்காக ஒரு செபமாலை சொல்லுவோம்," என்றாள்.

பெண்கள் எல்லோரும் செபமாலையை எடுத்தார்கள். சாரோவைச் சுற்றி உட்கார்ந்து அல்ஃபியோவுக்காக வேண்டிக்கொண்டார்கள். வெனேராவும் சுவரோரம் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சொன்னாள்.